நீர்ப்பரப்பை அளந்த அம்மையார்

உணவு உண்டபின் பாத்திரங்களைக் கழுவும்போது, நீரின்மேல் எண்ணெய்ப் பசை மெல்லிய ஏடாய் மிதப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். கையில் ஒட்டுவதற்குள் அதைக் கொட்டிவிடவே நாம் விரைவோம். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஜெர்மனி நாட்டின் ஒரு வீட்டுச் சமையலறையில், இளம்பெண் ஒருவர் அந்தப் பசை நீரைக் கூர்ந்து பார்த்தார். எண்ணெய் பட்டதும் நீரின் பரப்பு ஏன் மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காத அவர், அந்தக் கேள்விக்கு விடை காணத் தம் கையாலேயே ஒரு கருவியைச் செய்தார். அவர்தாம் ஆக்னஸ் பொக்கெல்ஸ். தாவரங்களிலிருந்து கிடைக்கும் மருந்துகள் நம் உயிரணுக்களின் சவ்வை எப்படித் தொடுகின்றன என்பதை ஆராயும் அறிவியலாளர்கள், இன்றும் அவர் காட்டிய வழியைப் பின்பற்றுகிறார்கள்.

ஆக்னஸ் 1862ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் வெனிஸ் நகரில் பிறந்தார். இன்று இத்தாலி நாட்டைச் சேர்ந்த அந்நகரம் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய தந்தை தியோடர் பொக்கெல்ஸ் ஆஸ்திரியப் படையில் பணியாற்றினார். அக்காலத்தில் வட இத்தாலியின் சதுப்பு நிலப் பகுதிகளில் மலேரியாக் காய்ச்சல் பரவலாக இருந்தது. தந்தையும் அந்நோய்க்கு ஆளானார். உடல் தளர்ந்ததால் அவர் பணியிலிருந்து விலகி, 1871ஆம் ஆண்டில் குடும்பத்துடன் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் குடியேறினார். அப்போது ஆக்னசுக்கு ஒன்பது வயது.

மலேரியாவுக்கு அந்நாளில் கைகண்ட மருந்தாக இருந்தது குயினின். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையில் அது இருக்கிறது. 1820ஆம் ஆண்டில் பெல்லெத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு அறிவியலாளர் இருவர் அதைப் பட்டையிலிருந்து தனியே பிரித்தெடுத்தனர். குயினின் போன்ற தாவரப் பொருள்களை ஆல்கலாய்டுகள் அல்லது காரப்போலிகள் என்பார்கள். காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன், புகையிலையில் உள்ள நிகோட்டின், அபினியில் உள்ள மார்ஃபின் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றுள் பல கசப்புச் சுவை உடையவை. சிறிதளவே உட்கொண்டாலும் உடலில் பெரிய மாற்றத்தை உண்டாக்கக்கூடியவை. ஆனால், ஒரு மரப்பட்டையின் கசப்பு உடலுக்குள் சென்று உயிரணுவின் வாசலைக் கடப்பது எப்படி என்பது அன்று எவருக்கும் விளங்கவில்லை. அந்தப் புதிரை ஆராய உதவும் வழி, மலேரியாவால் நலிந்த ஒருவரின் வீட்டுச் சமையலறையிலேயே பிறக்கும் என்று யார்தான் எண்ணியிருப்பார்கள்?

பிரவுன்ஷ்வைக் நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆக்னஸ் கல்வி பயின்றார். அவருக்கு இயற்கை அறிவியலில், அதிலும் இயற்பியலில், தணியாத ஆர்வம் இருந்தது. ஆனால், அக்காலத்து ஜெர்மனியில் பல்கலைக்கழகங்கள் பெண்களை மாணவர்களாக ஏற்கவில்லை. பள்ளிக் கல்வியோடு அவருடைய படிப்பு நின்றது. நோயுற்ற பெற்றோரைப் பேணுவதும், சமைப்பதும், வீட்டைக் கவனிப்பதும் மூத்த மகளான அவருடைய கடமைகளாயின.

அவருடைய தம்பி பிரீட்ரிக் அவரைவிட மூன்று வயது இளையவர். ஆண்பிள்ளை என்பதால் அவருக்குப் பல்கலைக்கழகக் கதவு திறந்தது. அவர் கோட்டிங்கன் நகரில் இயற்பியல் படித்தார். பிற்காலத்தில் புகழ்பெற்ற அறிவியலாளராகி, ஒளியியலில் தம் பெயரால் வழங்கும் ஒரு விளைவையும் கண்டறிந்தார். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே துறையில் ஆர்வம் கொண்ட இருவரில் ஒருவருக்கு ஆய்வுக்கூடமும் மற்றவருக்கு அடுப்படியும் வாய்த்தன. எனினும், தம்பி தம் அக்காளை மறந்துவிடவில்லை. தாம் படித்த நூல்களை அவருக்குக் கொடுத்து உதவினார். வீட்டு வேலைகள் முடிந்தபின், அந்நூல்களைத் துணையாகக் கொண்டு ஆக்னஸ் தாமே கற்றார்.

அவருடைய ஆய்வு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பாத்திரம் கழுவிய நீரில் மிதந்த பசையே அவருடைய முதல் ஆய்வுப் பொருள். தூய நீரின் பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோலைப் போல நடந்துகொள்கிறது. நீர்ப்பூச்சி அதன்மீது மூழ்காமல் நடப்பது இதனால்தான். இந்தப் பண்பைப் பரப்பு இழுவிசை என்கிறோம். எண்ணெய்ப் பசை சேர்ந்தால் இந்த இழுவிசை குறைகிறது. எவ்வளவு பசைக்கு எவ்வளவு குறையும் என்பதை ஆக்னஸ் அளந்தறிய விரும்பினார்.

இருபது வயதை ஒட்டிய பருவத்தில் அவர் ஒரு தகரத் தொட்டியை அமைத்தார். அதன் நீளம் 70 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர். அதில் விளிம்பு வரை நீரை நிரப்பினார். ஒன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தகரப் பட்டையைத் தொட்டியின் குறுக்கே, அதன் அடிப்பக்கம் நீரைத் தொடும்படி வைத்தார். அந்தப் பட்டை நீர்ப்பரப்பை இரண்டாகப் பிரித்தது. அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தினால், பரப்பின் ஒரு பகுதி சுருங்கும், மறுபகுதி விரியும். எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தொட்டியின் முன்புறம் பிடித்த அளவுகோலில் பார்த்துக்கொள்ளலாம். நீர்ப்பரப்பின் மீது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு வட்டத் தட்டு ஒன்றை வைத்து, அதை மேலே பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஓர் எளிய தராசைக் கொண்டு அளந்தார்.

இந்தக் கருவியின் சிறப்பு அதன் எளிமையில் இருந்தது. மேசையைத் துணியால் துடைப்பது போல, நகரும் பட்டையைக் கொண்டு நீர்ப்பரப்பில் உள்ள அழுக்கை ஓரமாகத் தள்ளிவிடலாம். தூய பரப்பு இல்லாமல் துல்லியமான அளவு கிடைக்காது. பேராய்வுக்கூடங்களில் இருந்தவர்களையும் திணறவைத்த இந்தச் சிக்கலை, நாள்தோறும் துடைத்துப் பழகிய ஒருவர் எளிதாகத் தீர்த்தார்.

அளவுகள் அவருக்கு ஒரு வியப்பைக் காட்டின. மிகச் சிறிதளவு பசையை நீர்ப்பரப்பில் பரவவிட்டு, பட்டையை மெல்ல நகர்த்திப் பரப்பைச் சுருக்கினார். தொடக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை. பரப்பு இழுவிசை தூய நீரில் இருந்தது போலவே இருந்தது. ஆனால், பரப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கியதும், இழுவிசை சட்டென்று குறையத் தொடங்கியது. மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். அந்த எல்லைப்புள்ளி தவறாமல் வந்தது. ஏன் அப்படி நிகழ்கிறது என்ற கேள்விக்கு விடை பின்னர்தான் கிடைத்தது. ஆயினும், அப்படி ஒரு புள்ளி இருப்பதை அளந்து காட்டியவர் அவரே.

இந்தக் கண்டுபிடிப்பை யாரிடம் சொல்வது? கோட்டிங்கன் நகரத்து அறிவியலாளர்களிடம் தெரிவித்தபோது, அவர்கள் அதில் அக்கறை காட்டவில்லை. பட்டமும் பதவியும் இல்லாத ஒரு பெண் வீட்டில் செய்த ஆய்வு, எந்த அறிவியல் இதழிலும் இடம்பெறவில்லை. ஆண்டுகள் உருண்டோடின. ஆக்னசின் அளவுகள் அவருடைய குறிப்பேட்டிலேயே உறங்கின.

1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயற்பியலாளர் ரேலி பிரபு, நீரின்மேல் பரவும் எண்ணெய் ஏடுகளைப் பற்றித் தம் ஆய்வுகளை வெளியிட்டார். அவற்றை அறிந்த ஆக்னஸ், தாம் அதே வழியில் வெகுதூரம் சென்றிருப்பதை உணர்ந்தார். அறிமுகம் இல்லாத ஒரு பேரறிஞருக்கு எழுதுவதா என்ற தயக்கம் எவருக்கும் இருக்கும். அதையும் மீறி, 1891ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் அவர் ரேலி பிரபுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தம் கருவியையும், செய்முறையையும், கண்ட முடிவுகளையும் அதில் தெளிவாக விளக்கினார்.

ரேலி பிரபு அந்தக் கடிதத்தை ஒதுக்கித் தள்ளவில்லை. அவருடைய துணைவியார் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எளிய வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்த ஆய்வில் இவ்வளவு மதிப்புள்ள முடிவுகள் இருப்பதைக் கண்ட ரேலி பிரபு, அதை வெளியிடுமாறு நேச்சர் என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழுக்குப் பரிந்துரைத்து அனுப்பினார். 1891ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஆக்னசின் கடிதம் அவ்விதழில் அச்சேறியது. அந்த ஆய்வைத் தம்முடையதென்று சொல்லிக்கொள்ள ரேலி பிரபுவுக்கு வாய்ப்பு இருந்தது. ஆனால், அவர் உரியவரின் பெயரிலேயே அதை வெளிவரச் செய்தார். அதன் பிறகு ஆக்னஸ் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார்.

அவர் கண்ட எல்லைப்புள்ளியின் பொருளை 1899ஆம் ஆண்டில் ரேலி பிரபு விளக்கினார். பசையின் மூலக்கூறுகள் நீர்ப்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறாமல், ஒரே அடுக்காகப் பரவி நிற்கின்றன. இடம் தாராளமாக இருக்கும் வரை அவை ஒன்றையொன்று நெருக்குவதில்லை. பரப்பு சுருங்கி, அவை ஒன்றோடொன்று முட்டும் நிலை வரும்போதுதான் இழுவிசை குறைகிறது. அதாவது, ஆக்னசின் தகரத் தொட்டி ஒற்றை மூலக்கூற்றின் பருமனை அளக்கும் கருவியாகவும் விளங்கியது. மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றனவா என்றே சில அறிஞர்கள் ஐயுற்ற காலம் அது.

1917ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் இத்தொட்டியை மேலும் செம்மைப்படுத்தினார். அவர் கொழுப்பமிலங்களை நீரின்மேல் பரப்பி ஆராய்ந்தார். செம்பனை எண்ணெயில் மிகுதியாக உள்ள பால்மிட்டிக் அமிலமும், விலங்குக் கொழுப்பில் உள்ள ஸ்டியரிக் அமிலமும் கொழுப்பமிலங்களே. இவற்றின் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. வால் நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும், நெருக்கி நிறுத்தும்போது ஒவ்வொரு மூலக்கூறும் ஒரே அளவு இடத்தையே அடைப்பதை லாங்மியூர் கண்டார். பள்ளிச் சபைகூடலில் மாணவர்கள் நெருங்கி நிற்கும்போது, உயரமானவருக்கும் குள்ளமானவருக்கும் தரையில் ஏறக்குறைய ஒரே அளவு இடம்தானே தேவைப்படுகிறது? அதைப் போலவே கொழுப்பமில மூலக்கூறுகளும் தலையை நீரில் பதித்து, வாலை மேலே தூக்கி, நிமிர்ந்து நிற்கின்றன என்று அவர் விளக்கினார்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1925ஆம் ஆண்டில், நெதர்லாந்து நாட்டின் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து இத்தகைய தொட்டியில் பரப்பினர். அது சிவப்பணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தை அடைத்தது. ஆகவே, உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வு இரண்டு மூலக்கூற்று அடுக்குகளால் ஆனது என்று அவர்கள் முடிவு செய்தனர். பாத்திரம் கழுவிய நீரில் தொடங்கிய அறிவு, உயிரணுவின் சுவரையே எட்டிவிட்டது.

இத்துறை இவ்வாறு வளர்ந்துகொண்டிருந்தபோது ஆக்னஸ் என்ன செய்துகொண்டிருந்தார்? பெற்றோரின் நோய் ஆண்டுக்காண்டு கடுமையாயிற்று. 1902ஆம் ஆண்டுக்குப் பின் அவருக்கு ஆய்வு செய்ய நேரம் கிடைப்பதே அரிதாயிற்று. 1906இல் தந்தையும் 1914இல் தாயும் மறைந்தனர். அவர்களுக்கு இடையே, 1913இல், அவருக்கு அறிவுலகின் சாளரமாக விளங்கிய தம்பி பிரீட்ரிக்கும் காலமானார். அடுத்து முதல் உலகப்போர் மூண்டது. அவருடைய கண்பார்வையும் உடல்நலமும் குன்றின. ஆய்வுக்கு ஓய்வு கிடைத்த காலத்தில் அவருக்கு அதற்கான வலிமை இல்லாமல் போயிற்று. ஆய்வுக்கூடமும் ஊதியமும் உதவியாளரும் கிடைத்திருந்தால் அவர் இன்னும் எவ்வளவு கண்டறிந்திருப்பார் என்ற எண்ணம் அவருடைய வரலாற்றைப் படிப்போர் மனத்தை வருத்தவே செய்யும்.

முதுமையில்தான் பெருமை அவரைத் தேடி வந்தது. 1931ஆம் ஆண்டில் கூழ்மவியல் கழகம் அவருக்கு லாரா லெனார்டு பரிசை வழங்கியது. 1932ஆம் ஆண்டில், அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. இளமையில் மாணவராய் நுழைய முடியாத கல்வியுலகம், முதுமையில் முனைவராய் அவரை வரவேற்றது. அதே 1932இல்தான் லாங்மியூருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக்னஸ் தொடங்கி வைத்த தொட்டி, இன்று உலகெங்கும் லாங்மியூரின் பெயரால் வழங்குகிறது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், தாம் வாழ்ந்த பிரவுன்ஷ்வைக் நகரிலேயே ஆக்னஸ் பொக்கெல்ஸ் இயற்கை எய்தினார்.

அவருடைய தொட்டி மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்று அதன் நகரும் பட்டையைக் கணினி இயக்குகிறது; உணர்கருவி ஏட்டின் அழுத்தத்தை நொடிக்கு நொடி பதிவு செய்கிறது. அறிவியலாளர்கள் நீரின்மேல் கொழுப்பமில ஏட்டைப் பரப்பி, அதை உயிரணுச் சவ்வின் எளிய மாதிரியாகக் கொள்கிறார்கள். பின்னர், குயினின் போன்ற ஓர் ஆல்கலாய்டை ஏட்டின் அடியில் உள்ள நீரில் கலக்கிறார்கள். நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்ற நீரில் குயினின் மூலக்கூறுகள் பெரும்பாலும் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. கொழுப்பமிலத்தின் தலைகளோ எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. எனவே, இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன.

அதன்பின் நிகழ்வது ஆல்கலாய்டின் அமைப்பைப் பொறுத்தது. சில மூலக்கூறுகள் தலைகளின் அருகிலேயே தங்கிவிடும். நீரை விரும்பாத பகுதியை மிகுதியாக உடையவை, ஏட்டுக்குள் புகுந்து வால்களுக்கு இடையே இடம் பிடிக்கும். நிறைந்த பேருந்தில் மேலும் ஒருவர் ஏறினால் நெருக்கம் கூடுவதைப் போல, அப்போது ஏட்டின் அழுத்தம் உயர்கிறது. பட்டை நகராமல் இருந்தும் அழுத்தம் உயர்ந்தால், ஆல்கலாய்டு உள்ளே நுழைந்துவிட்டது என்று அறியலாம். உண்மையான சவ்வு இரண்டு அடுக்கு உடையது; பலவகைக் கொழுப்புகளும் புரதங்களும் கலந்தது. கொழுப்பமில ஏடு அதன் முழு நகல் அன்று. ஆனால், சிக்கலான ஒன்றை அறிய, முதலில் எளிய ஒன்றை நன்றாக அளக்க வேண்டும். ஆக்னசின் வழியும் அதுவே.

மலேரியாக் கிருமி இரத்தச் சிவப்பணுவுக்குள் மறைந்து வாழ்கிறது. குயினின் அதைத் தாக்க வேண்டுமானால், சவ்வுகளைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். தந்தையின் உடலைக் குலைத்த அதே காய்ச்சலுக்கான மருந்து எவ்வாறு சவ்வைத் தொடுகிறது என்பதை, மகள் சமையலறையில் அமைத்த தொட்டியின் வழிவந்த கருவி இன்று அளந்து காட்டுகிறது. இந்தத் தொடர்பை ஆக்னஸ் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தம் ஆய்வால் என்ன பயன் விளையும் என்று எண்ணி அவர் தொட்டியைச் செய்யவும் இல்லை. கண்முன் இருந்த ஒன்றைப் புரிந்துகொள்ள விரும்பினார், பொறுமையாக அளந்தார், அளந்ததை நேர்மையாக எழுதிவைத்தார்.

வசதிகள் இல்லை என்பதால் அவர் வினா எழுப்புவதை நிறுத்தவில்லை. அதே வேளையில், அவருடைய திறமைக்கு ஏற்ற வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. முன்னது நமக்கு ஊக்கம் தரும். பின்னது நமக்குப் பொறுப்பைத் தரும். இனி, கழுவும் தொட்டியில் எண்ணெய் ஏடு மிதப்பதைக் கண்டால், ஒரு கணம் நின்று பாருங்கள். அங்கே, ஒரே ஒரு மூலக்கூற்றின் உயரத்தில், ஓர் அம்மையாரின் வாழ்நாள் உழைப்பு விரிந்து கிடக்கிறது.